உருகும்போது உடைவது எது? எளிய மூலக்கூறுப் பொருட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மாலை நேரங்களில் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். வேதிப் பிணைப்புப் பாடம் முடிகிற வாரத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள், தேர்வில் மறுபடி தப்பாக எழுதுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வெப்பநிலை என்று வருவதெல்லாம் செல்சியஸ் கணக்கு, சாதாரண காற்றழுத்தத்தில்.

எளிய மூலக்கூறுப் பொருள் என்றால் என்ன?

குறிப்பிட்ட சில அணுக்கள் மட்டும் சகப்பிணைப்பால் சேர்ந்து தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கும் பொருள். தண்ணீரில் ஒரு மூலக்கூறுக்கு மூன்று அணுக்கள். நைட்ரஜன் வாயுவில் இரண்டு. மீத்தேனில் ஐந்து. கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாகச் சேர்ந்திருக்கும். சூடத்தில் இருபத்தேழு அணுக்கள்: பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எண்ணிக்கை எவ்வளவு என்பது முக்கியமில்லை. "இந்த மூலக்கூறு இங்கே முடிந்துவிட்டது, அடுத்தது தனி" என்று எல்லை காட்ட முடிய வேண்டும், அதுதான் முக்கியம். உப்புப் படிகத்தில் அப்படி எல்லை காட்ட முடியாது. சோடியம் அயனியைச் (மின்சுமை கொண்ட அணு) சுற்றிக் குளோரைடு, அதைச் சுற்றி மறுபடி சோடியம் என்று படிகம் முடிகிற வரை போய்க்கொண்டே இருக்கும்.

சகப்பிணைப்பு எப்படிப் பிடித்து வைக்கிறது?

எலக்ட்ரான் இணையை இரண்டு அணுக்கள் பங்கிட்டுக்கொள்வது சகப்பிணைப்பு. இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸ், 1916இல். இதுவரை எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். பங்கிட்டால் ஏன் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டு அணுக்கருக்களும் நேர்மின்சுமை கொண்டவை, நடுவில் இருக்கும் எலக்ட்ரான்கள் எதிர்மின்சுமை கொண்டவை. இரண்டு கருக்களும் ஒரே இணையைத் தம் பக்கம் இழுக்கின்றன. அந்த இழுப்புதான் பிணைப்பு. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைய வேண்டும் என்பது கணக்குப் போட உதவும் விதி, அவ்வளவுதான்.

பிணைப்பு அவ்வளவு வலுவானது என்றால், மீத்தேனும் நைட்ரஜனும் ஏன் வாயுவாக இருக்கின்றன?

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு மாணவி இதைக் கேட்டபோது, "இதைப் பிடித்துக்கொண்டால் பாடம் முழுக்கப் பிடிபட்டுவிடும்" என்று சொன்னேன். இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தோளோடு தோள் உரசிக்கொண்டு கூட்டம். அதில் ஒவ்வொரு குடும்பமும் சேர்ந்துதான் நிற்கிறது. பிள்ளை அப்பாவின் தோளில், ஆச்சியின் கை அம்மாவின் பிடியில். ஒரு குடும்பத்துக்கும் பக்கத்துக் குடும்பத்துக்கும் நடுவில் அப்படி ஒரு பிடிப்பும் இல்லை, நெருக்கம் மட்டுந்தான். தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலைகிறது. தச்சநல்லூர், மேலப்பாளையம், பேட்டை என்று ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். கூட்டம் கலைந்தது, குடும்பம் எதுவும் கலையவில்லை. பிள்ளை அப்பாவின் தோளிலேயே தூங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

திரவம் கொதிப்பது கூட்டம் கலைவது போன்றது. மூலக்கூறு ஒரு குடும்பம். அதற்குள் அணுக்களைப் பிடித்திருப்பது சகப்பிணைப்பு, அது மிக வலுவானது. ஒரு மூலக்கூறுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் இருப்பது மூலக்கூறிடை விசை, அது பலவீனமானது. உருக்கும்போதும் கொதிக்க வைக்கும்போதும் நாம் வெல்ல வேண்டியது அந்தப் பலவீனமான விசையை மட்டும்தான்.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். 28 கிராம் திரவ நைட்ரஜனை ஆவியாக்க சுமார் 5.6 கிலோஜூல் வெப்பம் போதும், அதுவும் மைனஸ் 196 டிகிரியிலேயே. அதே 28 கிராம் நைட்ரஜனின் முப்பிணைப்புகளை (மூன்று எலக்ட்ரான் இணைகளைப் பங்கிட்ட பிணைப்பு) உடைத்து அணு அணுவாகப் பிரிக்க 945 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய நூற்று எழுபது மடங்கு. பிணைப்பு வலுவாக இருப்பதும் பொருள் வாயுவாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இரண்டும் வேறு வேறு விசைகளைப் பற்றிய செய்திகள்.

தண்ணீர் கொதித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும்தானே?

பிரியாது. இட்லிக் கொப்பரையிலிருந்து வரும் ஆவி முழுக்கத் தண்ணீர் மூலக்கூறுதான். மூடியைத் திறந்தால் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக நிற்பது மறுபடி அதே தண்ணீர். 18 கிராம் தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க சுமார் 41 கிலோஜூல். அதன் பிணைப்புகளையெல்லாம் உடைக்க 900 கிலோஜூலுக்கு மேல். வெறும் வெப்பத்தாலேயே தண்ணீர் கொஞ்சமாவது பிரிய வேண்டும் என்றால் 2,000 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். அடுப்பில் வைத்த தண்ணீர் ஹைட்ரஜனாகப் பிரிந்தால் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட முடியாது. இதை ஒரு தடவை யோசித்துவிட்டால் பிறகு தப்பு வராது.

சூடம் டப்பாவிலேயே குறைந்துபோகிறதே, அது எங்கே போகிறது?

காற்றுக்குப் போகிறது. பூஜை அலமாரியில் மூடி சரியாக மூடாத டப்பாவைத் திறந்து பாருங்கள். சதுரமாக வாங்கிய வில்லை ஓரம் மழுங்கி, மெலிந்து, தொட்டால் உதிரும். டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் பனி பூத்ததுபோல் பொடிப் படிகங்கள் ஒட்டியிருக்கும். ஈரம் எங்கும் இல்லை. திடத்திலிருந்து நேராக ஆவி, ஆவியிலிருந்து நேராகத் திடம். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர்.

சூட மூலக்கூறு ஏறக்குறைய உருண்டை வடிவம். கார்பனும் ஹைட்ரஜனுமே நிறைந்த மேற்பரப்பு. அப்படிப்பட்ட இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று இறுக்கமாகப் பற்றாது. அதனால் நம் வீட்டு வெப்பநிலையிலேயே மேல் அடுக்கிலிருந்து மூலக்கூறுகள் கழன்று போகின்றன. வாசனை நம் மூக்குக்கு வருகிறது என்றாலே மூலக்கூறு கிளம்பி வந்துவிட்டது என்று பொருள். பீரோவில் பட்டுச் சேலைக்கு நடுவே வைக்கும் அந்துருண்டையும் இதே கதைதான். அதன் உருகுநிலை 80 டிகிரி. ஆனாலும் உருகாமலேயே மாதக் கணக்கில் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகும்.

எங்கள் ஆச்சி சூட டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பாள். பழக்கம் அழகானது, ஆனால் சூடத்தைக் காப்பாற்றுவது இறுக்கமான மூடிதான்.

மூலக்கூறிடை விசை எல்லாப் பொருளிலும் ஒரே அளவா? எதைப் பொறுத்து மாறும்?

ஒரே அளவு இல்லை. ஹாலஜன் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிநிலை ஃபுளூரினுக்கு மைனஸ் 188, குளோரினுக்கு மைனஸ் 34, புரோமினுக்கு 59, அயோடினுக்கு 184 டிகிரி. அறை வெப்பநிலையில் முதல் இரண்டும் வாயு, மூன்றாவது திரவம், நான்காவது திடம்.

காரணம் எலக்ட்ரான் எண்ணிக்கை. ஃபுளூரின் மூலக்கூறில் 18 எலக்ட்ரான், அயோடின் மூலக்கூறில் 106. எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு நொடியின் மிகச் சிறு துளியில் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். அந்த நேரத்துக்கு அந்த மூலக்கூறுக்கு ஒரு எதிர்முனையும் நேர்முனையும் உண்டாகும். பக்கத்து மூலக்கூறும் அதைப் பார்த்துத் தன் எலக்ட்ரான்களை நகர்த்திக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் சின்னதாக ஓர் ஈர்ப்பு. இதை விளக்கியவர் ஃபிரிட்ஸ் லண்டன், 1930இல். அவர் பெயராலேயே லண்டன் விசை என்கிறோம். ஊர் லண்டன் இல்லை, ஆள் பெயர். எலக்ட்ரான் கூடினால் இந்த அசைவும் கூடும், ஈர்ப்பும் கூடும்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குளோரினின் பிணைப்பை உடைக்க, ஒரு மோலுக்கு (எந்தப் பொருளிலும் ஒரே எண்ணிக்கையிலான மூலக்கூறுகள்) 242 கிலோஜூல். புரோமினுக்கு 193. அயோடினுக்கு 151தான். பிணைப்பு பலவீனமாகிக்கொண்டே போகிறது, கொதிநிலையோ ஏறிக்கொண்டே போகிறது! கொதிக்கும்போது பிணைப்புதான் உடைகிறது என்றால் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருந்திருக்க வேண்டும். சந்தேகப்படும் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதுவது இந்த எண்களைத்தான். விளக்கத்தை விட எண்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்ள வைக்கின்றன.

அப்படிப் பார்த்தால் தண்ணீர் மூலக்கூறு சின்னதுதானே? அதன் கொதிநிலை மட்டும் ஏன் 100?

நல்ல கேள்வி. தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே கந்தகம். அதனால் தண்ணீரின் குடும்பத்தில் அடுத்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை வாசம் அடிக்குமே அதுதான். எலக்ட்ரான் தண்ணீரை விட அதிகம். கொதிநிலை மைனஸ் 60. கந்தகத்துக்கும் அதற்குக் கீழே உள்ள தனிமங்களுக்கும் இப்படி வரும் ஹைட்ரஜன் சேர்மங்களின் கொதிநிலை வரிசையை அப்படியே நீட்டினால் தண்ணீர் மைனஸ் 70, 80 டிகிரி வாக்கில் கொதித்திருக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் பாபநாசம் அணையும் இல்லை, தாமிரபரணியும் இல்லை. எல்லாம் காற்றில் ஆவியாக இருந்திருக்கும்.

ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுப்பதில் பெரிய ஆள். பாலிங் அளவுகோலில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை 3.44, ஹைட்ரஜனுக்கு 2.20. பங்கிட்ட இணை ஆக்சிஜன் பக்கமே சாய்ந்து நிற்கிறது. ஹைட்ரஜனுக்கு உள் எலக்ட்ரான் என்று வேறு எதுவும் கிடையாது. அதனால் அதன் கரு ஏறக்குறைய வெளியே தெரிகிறது. அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனில் பங்கிடாத எலக்ட்ரான் இணை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. பெயரில் பிணைப்பு என்று வந்தாலும் இது மூலக்கூறுகளுக்கு நடுவில் உள்ள ஈர்ப்பு. சகப்பிணைப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் வலு. ஆனால் ஒரு தண்ணீர் மூலக்கூறு சுற்றிலும் நான்கு பேரோடு இப்படிக் கைகோக்க முடியும். அதனால்தான் இவ்வளவு ஏற்றம்.

நன்னாரி சர்பத் டம்ளரைக் கையில் வாங்கும்போது ஐஸ் ஏன் மேலே மிதக்கிறது என்பதற்கும் காரணம் இதே நான்கு கைகள்தான். உறையும்போது நான்கு திசையிலும் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்ள, நடுவில் வெற்றிடம் விழுகிறது. கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. பெரும்பாலான பொருட்களின் திடம் தன் திரவத்தில் மூழ்கும். நெய்யை உருக்கும்போது உறைந்த கட்டி அடியில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பதனி காய்ச்சும்போது சீனி ஏன் ஆவியாவதில்லை? அதுவும் மூலக்கூறுப் பொருள்தானே?

பங்குனி, சித்திரையில் திசையன்விளை, உடன்குடிப் பக்கம் போனால் இதை நேரில் பார்க்கலாம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கிய பதனியைப் பெரிய சட்டியில் ஊற்றி, பனை மட்டையும் சருகும் போட்டு எரிக்கிறார்கள். முதலில் வெள்ளை நுரை. பிறகு நீர் வற்ற வற்ற நிறம் தேன் மாதிரி, அப்புறம் கருஞ்சிவப்பு. குமிழி பெரிதாகி, மெதுவாகி, "பொளக் பொளக்" என்று வெடிக்கும். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார்கள். உருண்டு நின்றால் சிரட்டையில் ஊற்றிவிடலாம். காலையிலிருந்து கிளம்பிப் போனது தண்ணீர், சிரட்டையில் நிற்பது சர்க்கரை.

சுக்ரோஸ் மூலக்கூறில் 45 அணுக்கள். அதில் எட்டு இடங்களில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கை நீட்டும். ஒரு மூலக்கூறை அத்தனை பிடியிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுவித்து ஆவியாக்க வேண்டும் என்றால் ஏராளமான ஆற்றல் வேண்டும். அதற்குள் மூலக்கூறின் உள்ளே இருக்கும் பிணைப்புகளே உடைய ஆரம்பித்துவிடும். அதனால்தான் சீனியை வெறும் சட்டியில் வறுத்தால் சுமார் 186 டிகிரி வாக்கில் இளகும்போதே பழுப்பாகி, பிறகு கருகுகிறது. அது மறுபடி சீனியாகாது. "மூலக்கூறுப் பொருள் என்றால் சுலபமாக ஆவியாகும்" என்ற விதி சின்ன மூலக்கூறுகளுக்குச் சரி. மூலக்கூறு பெரிதாகி, பிடிக்கும் கைகளும் கூடினால் விதி தளரும். பாடநூலில் இதற்கு ஒரு வரிதான் இடம் இருக்கும். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது.

சீனி தண்ணீரில் கரைகிறது, நெய் கரைவதில்லை. ஏன்?

சீனியின் எட்டுக் கைகளும் தண்ணீரோடும் கைகோக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் சுற்றி நின்று ஒவ்வொரு சீனி மூலக்கூறாகக் கூட்டிக்கொண்டு போய்விடும். நெய் மூலக்கூறில் பெரும்பகுதி நீளமான கார்பன், ஹைட்ரஜன் சங்கிலி. அந்தச் சங்கிலியில் நேர்முனை, எதிர்முனை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிடித்திருக்கும் பிடியை விட்டு நெய்க்கு இடம் கொடுக்க, பதிலுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அதனால் விலக்கிவிடுகின்றன. அல்வா கிண்டும்போது கடைசிப் பதத்தில் ஓரம் முழுக்க நெய் பிரிந்து மினுமினுக்கிறதே, அது இதனால்தான். கோதுமைப் பாலின் மாவுச்சத்தும் சீனியும் தண்ணீரோடு ஒரு கட்சி. நெய் தனிக் கட்சி.

இந்தப் பொருட்கள் மின்சாரத்தைக் கடத்துமா?

கடத்தாது. மின்சாரம் போக வேண்டும் என்றால் நகரக்கூடிய அயனியோ எலக்ட்ரானோ வேண்டும். மூலக்கூறு மொத்தத்தில் மின்சுமை இல்லாதது, எலக்ட்ரான்களும் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்ன எல்இடி விளக்கு, ஒரு மின்தடை, இரண்டு முனையும் சீவிய இரண்டு பென்சில் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். சீனித் தண்ணீரில் விளக்கு எரியாது. தூத்துக்குடி உப்பு ஒரு கரண்டி போட்டால் எரியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சில நொடிகள் மட்டும் செய்யுங்கள். உப்புத் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் வரும். வீட்டு மின்சாரத்தில் எந்தக் காரணத்துக்காகவும் இதைச் செய்யக் கூடாது.

ஹைட்ரஜன் குளோரைடு தனி வழக்கு. வாயுவாக இருக்கும்போது அது மூலக்கூறு, கடத்தாது. தண்ணீரில் கரைந்ததும் அயனிகளாகப் பிரிந்து அமிலமாகிறது, அப்போது கடத்தும்.

கேஸ் சிலிண்டரில் ஆட்டினால் தண்ணீர் மாதிரி சத்தம் கேட்கிறதே?

உள்ளே இருப்பது திரவம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும், பியூட்டேன் மைனஸ் 1 டிகிரி வாக்கிலும் கொதிக்கும். ஆனால் அழுத்தினால் மூலக்கூறுகள் நெருங்கிவந்து, பலவீனமான ஈர்ப்பே அவற்றைத் திரவமாகப் பிடித்து வைக்கப் போதுமாகிறது. கல்யாண வீட்டில் பெரிய அடுப்பு தொடர்ந்து எரியும்போது சிலிண்டரின் கீழ்ப்பாகம் வேர்த்து நிற்கும். உள்ளே கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் அப்படி.

மகேந்திரகிரியில் ஏன் அவ்வளவு குளிர்ந்த எரிபொருள்?

பணகுடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் கிரையோஜெனிக் எஞ்சின்களை, அதாவது மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் எஞ்சின்களை, சோதிக்கிறார்கள். 2023 ஜூலை 14இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டின் மேல் கட்டத்தில் இருந்தது சிஇ-20 எஞ்சின். அது எரிப்பது திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன்.

ஹைட்ரஜன் மூலக்கூறில் மொத்தமே இரண்டு எலக்ட்ரான். லண்டன் விசை அதில் எவ்வளவு அற்பமாக இருக்கும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். கொதிநிலை மைனஸ் 253 டிகிரி. ஆக்சிஜனுக்கு 16 எலக்ட்ரான், மைனஸ் 183. வாயுவாக வைத்தால் ராக்கெட்டில் அடக்க முடியாத அளவு இடம் வேண்டும். திரவமாக்கினாலும் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் 71 கிராம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படிக்கும் அதே பலவீனமான விசைதான் அங்கே தொட்டியின் வடிவம், காப்புறை, குழாய் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு அந்த மலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

சகப்பிணைப்பு இருந்தாலே உருகுநிலை குறைவு என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. தேரிக்காட்டு மணலைக் கையில் அள்ளுங்கள். சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு தந்தது. துகளில் பெரும்பகுதி சிலிக்கா. அதிலும் சகப்பிணைப்புதான். ஆனால் தனி மூலக்கூறு கிடையாது, ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜனோடு சேர்ந்து துகள் முழுக்க ஒரே வலை. உருக்க வேண்டும் என்றால் சகப்பிணைப்பையே உடைக்க வேண்டும். அதனால் 1,700 டிகிரி வரை தாங்கும். வைரமும் அப்படித்தான்.

கோவில்பட்டித் தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். அணுக்கள் தொடராகக் கோத்த அமைப்பு, அமைதியாக இருக்கும். அதே தனிமத்தின் வெள்ளை வடிவம் நான்கு அணு மூலக்கூறு. 44 டிகிரியிலேயே உருகும், காற்றில் தானாகத் தீப்பிடிக்கும் என்பதால் தண்ணீருக்குள்தான் வைக்க வேண்டும்.

தேர்வில் எப்படி எழுதினால் முழு மதிப்பெண்?

"சகப்பிணைப்பு பலவீனமானது, அதனால் உருகுநிலை குறைவு" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். இப்படி எழுதுங்கள்: "மீத்தேன் தனித்தனி மூலக்கூறுகளால் ஆனது. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள விசை பலவீனமானது. அதை வெல்லக் குறைந்த ஆற்றலே போதும். ஆகவே கொதிநிலை குறைவு. மூலக்கூறினுள் உள்ள சகப்பிணைப்புகள் உடைவதில்லை." எந்த விசை, எவற்றுக்கு இடையில் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். "விசை பலவீனம்" என்று மொட்டையாக விட்டால் திருத்துபவருக்கு நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியாது.

அப்படியானால் பிணைப்பு எப்போதுதான் உடையும்?

வேதிவினை நடக்கும்போது. டப்பாவில் மெலிந்த அதே சூடத்தில் ஒரு வில்லையைத் தட்டில் வைத்து ஏற்றுங்கள். சுடரின் வெப்பத்தில் முதலில் நடப்பது பழைய கதைதான், மூலக்கூறுகள் ஆவியாகக் கிளம்புகின்றன. கிளம்பியவை சுடருக்குள் போனதும் கார்பன், ஹைட்ரஜன் பிணைப்புகள் உடைகின்றன, ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பும் உடைகிறது. ஒரு சூட மூலக்கூறு முழுதாக எரிந்தால் பத்து கார்பன் டைஆக்சைடு, எட்டு தண்ணீர் மூலக்கூறு. புதுப் பிணைப்புகள் உண்டாகும்போது வெளிவரும் ஆற்றல், உடைக்கச் செலவானதை விட அதிகம். அந்த மிச்சம்தான் வெளிச்சமும் சூடும். மகேந்திரகிரி எஞ்சினுக்குள்ளும் இதுதான் நடக்கிறது, அங்கே வெளிவருவது நீராவி. தட்டின் விளிம்பில் படியும் கரி, ஆக்சிஜன் போதாமல் பாதி வழியில் நின்றுவிட்ட கார்பன்.